பழைய மில், பழைய இஞ்சின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் நம் நீலகிரி மலை ரயிலின் ஆவி இஞ்சினைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் ரயிலை விட்டுவிட்டு மில்லையும் தேயிலை ஃபேக்டரியையும் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். சரி, இந்த முறை அரசியலுக்கும் சினிமாவுக்கும் லீவு.

கேள்வி: சார், 2015ல் மான்செஸ்டரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பர்ன்லி என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே க்வீன் ஸ்ட்ரீட் மில் என்று ஒரு பழைய நெசவு மில். ஆவி இஞ்சின் ஓட, அதோடு தறிகளும் ஓட, எனக்குக் காது அடைத்துவிட்டது. யாரும் துணி வாங்கக் காத்திருக்கவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக ஓட்டுகிறார்கள். இவ்வளவு செலவு எதற்கு? கோயம்புத்தூரில் என் தாத்தா வேலை பார்த்த மில்லிலும் இப்படி ஓர் இஞ்சின் இருந்ததாம். அது எங்கே போயிருக்கும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாத்தா பார்த்த இஞ்சின் அநேகமாகக் காயலான் கடைக்குப் போயிருக்கும் அம்மா, அதை அங்கே அனுப்பியது நம் மலைத் தண்ணீர்.

கோவையின் முதல் நூற்பாலை 1888ல் வந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது, உங்கள் ஊர் ஸ்டேன்ஸ் பள்ளியின் பெயரில் இருக்கிற அதே குடும்பம். அந்தக் காலத்தில் மில் என்றால் கூடவே ஒரு பாய்லர், ஒரு புகைபோக்கி, ஒரு குளம், ஓர் இஞ்சின் ரூம். பாபநாசத்தில் ஹார்வி கம்பெனிக்காரர்கள் 1885ல் தொடங்கிய மில்லைப் போல ஆற்றுத் தண்ணீரிலேயே சக்கரம் சுற்றும் வசதி எல்லோருக்கும் வாய்க்காது, கோவைக்கு நிலக்கரி வெகுதூரத்திலிருந்து வர வேண்டும். பிறகு 1929ல் நீலகிரியில் பைகாரா நீர்மின் திட்ட வேலையை ஆரம்பித்தார்கள். 1932ல் சிங்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. 3,000 அடிக்கு மேல் உயரத்திலிருந்து குழாயில் விழுகிற தண்ணீர் பெல்டன் சக்கரங்களைச் சுற்ற, அந்த மின்சாரம் கம்பி வழியாகக் கோவைக்கு இறங்கியது. அதற்குப் பிறகு அங்கே மில்கள் முளைத்த வேகம் உங்களுக்கே தெரியும். புதிதாக வந்தவர்கள் பாய்லர் பக்கமே போகவில்லை. பழையவர்கள் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து, மெஷின்களைச் சுற்றுகிற அதே ஷாஃப்டில் மாட்டிவிட்டு, இஞ்சின் நின்ற இடத்தைக் குடோன் ஆக்கினார்கள். நூறு டன் வார்ப்பிரும்பு சும்மா கிடந்தால் எந்த முதலாளிதான் எடைக்குப் போடாமல் இருப்பார்? அன்றைக்கு அவர்கள் செய்தது தப்பு என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம், நான் சொல்ல மாட்டேன்.

பர்ன்லியில் நடந்தது வேறு. க்வீன் ஸ்ட்ரீட் மில் 1894, 95 வாக்கில் கட்டியது. இஞ்சின் 500 குதிரைத்திறன், பக்கத்து ஊரான நெல்சனில் வில்லியம் ராபர்ட்ஸ் கம்பெனி செய்தது, முதல் உலகப்போர் முடிந்த பிறகு அதற்கு ‘பீஸ்’ என்று பெயர் வைத்தார்கள், சமாதானம். இங்கிலாந்தில் மற்ற மில்கள் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டோ மூடிக்கொண்டோ போன காலத்தில் இவர்கள் மாறவில்லை. கொள்கைப் பிடிப்பு ஒன்றும் இல்லை, மாற்றுகிற அளவுக்குக் கையில் பணம் புரளவில்லை என்றுதான் நினைக்கிறேன். நம் ஊரிலும் பழைய வீடு தப்பிப்பது பெரும்பாலும் இடித்துக் கட்டக் காசில்லாததால்தானே. 1982ல் மில்லை மூடியபோது பாய்லர், இஞ்சின், ஷாஃப்ட், முந்நூறுக்கு மேற்பட்ட தறிகள், எல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தன. அதுதான் அதன் மதிப்பே. இஞ்சினை மட்டும் காப்பாற்றிய இடங்கள் பல உண்டு, நெருப்பிலிருந்து துணி வரைக்கும் முழுச் சங்கிலியும் அறுபடாமல் இருக்கிற நெசவுக்கூடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்கிறார்கள்.

இப்போது செலவுக்கு வருகிறேன். நீங்கள் போய்ப் பார்த்த மறுவருடம், 2016ல், லங்காஷயர் கவுண்டி நிர்வாகம் பட்ஜெட்டில் கை வைத்து அந்த மியூசியத்தை மூடிவிட்டது தெரியுமா? கட்டடத்துக்கு அந்த நாட்டின் முதல் தரப் பாதுகாப்பு இருக்கிறது, அனுமதியில்லாமல் ஒரு செங்கல்லை நகர்த்த முடியாது. ஆனால் பாய்லருக்கு நெருப்புப் போடுகிற ஆளுக்குச் சம்பளம் கொடு என்று எந்தப் பாதுகாப்புச் சட்டமும் சொல்வதில்லை. பிறகு சத்தம் கிளம்பி, வருடத்தில் சில காலம் மட்டும் திறப்பது என்று ஆனது.

என்னைக் கேட்டால் அந்தச் செலவில் பெரும்பங்கு இரும்புக்குப் போவதில்லை, ஆளுக்குப் போகிறது, போகவும் வேண்டும். பேரிங் சூடேறினால் புறங்கையை வைத்துச் சொல்கிறவர், சிலிண்டரில் தண்ணீர் சேர்ந்திருப்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர், தறியில் நூல் ஓடத்தை அடித்து ஓட்டுகிற சவுக்குக் கட்டையில் எந்தத் தோல் துண்டு தேயும் என்று தெரிந்தவர், இவர்கள் இஞ்சின் ஓடினால்தான் உருவாவார்கள். புத்தகத்தில் படித்து வருகிற வேலை இல்லை இது. பத்து வருடம் நிறுத்தி வைத்தால் இஞ்சின் அப்படியே நிற்கும், ஓட்டத் தெரிந்தவர் இருக்க மாட்டார். அப்புறம் அது இரும்புக் குவியல்தான், கண்ணாடிக் கூண்டு போட்டு வைத்தாலும்.

நம் மலை ரயிலையே பாருங்கள். 1908ல் உதகை வரைக்கும் வந்த ரயில், 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலால் அது பிழைத்தது என்று எல்லோரும் பேசுகிறார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இஞ்சின்கள் தேய்ந்துபோனபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 வாக்கிலிருந்து அதே எக்ஸ் வகை ஆவி இஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்தார்களே, அதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா? பல் சக்கரத்திலிருந்து பாய்லர் தகடு வரைக்கும் செய்யத் தெரிந்த கை அங்கே இருந்தது. குன்னூர் ஷெட்டில் அதைப் பராமரிக்கிற கையும் இருக்கிறது.

கேள்வி: ஐயா, ஒரே இஞ்சின் எப்படி ஐந்து மாடி மில்லை ஓட்டியது? பெல்ட் அறுந்தால் மில்லே நின்றுவிடாதா?
– பிளஸ் டூ மாணவன், அரவங்காடு

பதில்: நல்ல கேள்வி தம்பி, பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் பாய்லர். மில்களில் அதிகம் இருந்தது லங்காஷயர் பாய்லர், 1844ல் வில்லியம் ஃபேர்பேர்ன் கொண்டுவந்தது. படுத்திருக்கிற பெரிய உருளை, உள்ளே நீளவாக்கில் இரண்டு குழாய், குழாய்க்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். புகை அப்படியே புகைபோக்கிக்கு ஓடிவிடாது, பாய்லரின் அடியிலும் இரு பக்கத்திலும் செங்கல் வழியில் திரும்பித் திரும்பிப் போகும். அதற்கப்புறமும் மிச்சமிருக்கிற சூட்டில், உள்ளே போகப்போகிற தண்ணீரைச் சூடாக்க எகனாமைசர் என்று ஒரு குழாய்க் கூட்டம் வைத்திருப்பார்கள். நிலக்கரிக்குக் காசு கொடுத்தவன் சூட்டை வீணாக்குவானா?

ஆவி முதலில் சின்ன சிலிண்டருக்குப் போகும், அங்கே அழுத்தம் அதிகம். பிஸ்டனைத் தள்ளிவிட்டு வெளியே வருகிற ஆவியில் இன்னும் தெம்பு இருக்கும், அதைப் பெரிய சிலிண்டருக்கு அனுப்பி இரண்டாம் முறை வேலை வாங்குவார்கள். இதுதான் காம்பவுண்ட். நீ பார்க்கிற மலை ரயில் இஞ்சினும் இதே சங்கதிதான், கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பல் தண்டவாளத்தில் ஏறும்போது, அதிக அழுத்த சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தை ஓட்டும், அங்கே வேலை முடித்த ஆவி குறைந்த அழுத்த சிலிண்டருக்குப் போய்ப் பல் சக்கரத்தைச் சுற்றும். ஒரு வித்தியாசம், ரயில் தன் ஆவியைப் புகைபோக்கி வழியாக ஊதித் தள்ளிவிடும், அதனால்தான் அந்தச் சத்தம். மில் இஞ்சின் கண்டென்சரில் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கிவிடும், ஆவி சுருங்குகிற இடத்தில் வெற்றிடம் உண்டாகி பிஸ்டனை அந்தப் பக்கமிருந்தும் இழுக்கும். குளிரவைக்கத்தான் மில்லுக்குப் பக்கத்தில் குளம். மும்பையில் பழைய மில் வளாகங்களில் குளம் ஏன் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது ஃப்ளைவீல், இஞ்சினின் சுழற்சியைச் சீராக வைக்கிற கனத்த சக்கரம். இங்கிலாந்தின் விகன் ஊரில் ட்ரென்சர்ஃபீல்ட் மில் என்று ஒன்று, 1907ல் போட்ட இஞ்சின் இன்னும் அங்கே இருக்கிறது. 2,500 குதிரைத்திறன், ஃப்ளைவீலின் விட்டம் 26 அடி, எடை சுமார் 70 டன். சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கயிறு, மொத்தம் 54. பெல்ட் இல்லை தம்பி, கயிறு, அதுவும் பருத்திக் கயிறு. கீழேயிருந்து மேல்மாடி வரைக்கும் திறந்த ஒரு கூடம் இருக்கும், அதன் வழியாகக் கயிறுகள் கும்பலாகக் கிளம்பி ஒவ்வொரு மாடிக்கும் பிரிந்துபோய் அந்த மாடியின் நீள ஷாஃப்டைச் சுற்றும். ஷாஃப்டிலிருந்து தோல் பெல்ட் ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும். உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான், ஒரு கயிறு அறுந்தால் மற்ற கயிறுகள் இழுத்துக்கொண்டு போகும், சாயங்காலம் சங்கு ஊதி மில் நின்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம். பல் சக்கரத்தில் ஓட்டிய பழைய மில்லில் ஒரு பல் உடைந்தால் கதை முடிந்தது.

கவர்னரையும் சொல்லிவிடுகிறேன், இஞ்சினின் வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்துகிற கருவி அது. வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மில் முழுக்க நூல் அறும். அதனால் ரயில் இஞ்சினிடம் யாரும் எதிர்பார்க்காத நிதானத்தை மில் இஞ்சினிடம் எதிர்பார்த்தார்கள். தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாலும் கிளப்பினாலும் அது நிமிடத்துக்கு அறுபது, எழுபது சுற்று என்று ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் பெரியப்பா காலத்தில் சின்னத் தேயிலை ஃபேக்டரி ஒன்று வைத்திருந்தோம், மூடி ரொம்ப வருடமாகிறது. பின் ஷெட்டில் மார்ஷல் என்று வார்ப்பில் பெயர் போட்ட ஆவி இஞ்சின் கிடக்கிறது. காயலான் கடைக்காரர் வந்து பார்த்து விலையே சொல்லிவிட்டார். தம்பிமார் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– விவசாயி, கோத்தகிரி

பதில்: நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஷெட்டுக்கு நல்ல பூட்டாக ஒன்று போடுங்கள். காணாமல் போவது முதலில் இரும்பு இல்லை, பித்தளை. பிரஷர் கேஜ், எண்ணெய்க் குப்பி, விசில், பெயர்த் தகடு, பேரிங்கில் இருக்கிற கன்மெட்டல், இதெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிற சாமான். அது போய்விட்டால் மிச்சமிருக்கிற இரண்டு மூன்று டன்னுக்கு அடையாளமே இல்லை. கழற்ற வருகிறதை நீங்களே கழற்றி, எங்கே இருந்தது என்று சீட்டுக் கட்டி, வீட்டுக்குள் வையுங்கள். கழற்றும் முன் போட்டோ, நாலு பக்கமும், கிட்டத்திலிருந்தும் தள்ளியும்.

மார்ஷல் இங்கிலாந்தில் கெய்ன்ஸ்பரோ ஊர்க் கம்பெனி. ஆவி இஞ்சினும் செய்தார்கள், ஜாக்சன் என்ற பெயரில் தேயிலை உருட்டுகிற ரோலரும் செய்தார்கள், அதனால் அஸ்ஸாமிலிருந்து இலங்கை வரைக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் அந்தப் பெயர் இருக்கும். உங்கள் ஷெட்டில் ரோலரும் கிடக்கிறதா என்று பாருங்கள், இஞ்சின், ஷாஃப்ட், ரோலர் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அது வேறு மதிப்பு. இஞ்சினில் எங்கேயாவது ஒரு எண் பொறித்திருக்கும், தகட்டிலோ சிலிண்டர் மேலேயோ. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த வருடம் செய்தது என்று தேடுவதற்கு அதுதான் சாவி. நூறு வருடம் தாண்டிய பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது நல்ல விலைக்குக் கேட்கிறார் என்று ஏஜென்ட் வந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு துருவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள், தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கனத்த இரும்பு காலையில் சீக்கிரம் சூடாகாது, வெயில் வந்து காற்று சூடாகும்போது அந்தக் காற்றின் ஈரம் குளிர்ந்த இரும்பின் மேல் முத்து முத்தாக இறங்கும். தார்ப்பாய்க்குள் இது வெளியே போக வழியில்லாமல் திரும்பத் திரும்ப நடக்கும். கூரை ஒழுகாமல் இருக்கட்டும், பக்கவாட்டில் காற்று ஓடட்டும், பளபளப்பாகத் தேய்த்த பாகங்களுக்குக் கெட்டியாக கிரீஸ் பூசுங்கள். சிலிண்டரிலும் பாய்லரிலும் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, பல நாள் ஊறவிட்டு, பிறகு சக்கரத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கடப்பாரை போட்டு நெம்பினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். அசைந்தால் வாரம் ஒருமுறை கொஞ்சம் சுற்றி வேறு இடத்தில் நிறுத்துங்கள், அவ்வளவு போதும்.

பாய்லர் மேலேயும் ஆவிக் குழாய் மேலேயும் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ மாவு மாதிரி ஒரு பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய காலத்தில் சூடு போகாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் அப்பி வைப்பார்கள், அந்தத் தூசி நுரையீரலில் போனால் திரும்ப வராது. அதைத் தெரிந்தவர்கள்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, யாராவது உற்சாகத்தில் விறகைப் போட்டு நெருப்பு மூட்டிப் பார்க்கலாம் என்பார்கள். கூடவே கூடாது. துருப்பிடித்து மெலிந்த தகட்டுக்குள் ஆவி அழுத்தம் என்பது வெடிகுண்டு. 1923லிருந்து பாய்லருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 2025ல் புதிதாக மாற்றியும் எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்து, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து, சான்றிதழ் கொடுக்காமல் எந்த பாய்லரிலும் ஆவி ஏற்றக் கூடாது.

தம்பிமாருக்கு என்ன சொல்வது? உணர்ச்சியைப் பேசினால் எடுபடாது, பங்கு பாகம் வேறு இருக்கும். எடைக்குப் போட்டால் கிடைக்கிற தொகையை ஒரு காகிதத்தில் எழுதுங்கள், அதை எத்தனை பேர் பிரிக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு அடங்கும். ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வரும், வந்தால் ஒருமுறை கோவைப் பக்கம் போய்க் கல்லூரி வாசல்களைப் பாருங்கள். சில்வர் பெயின்ட் அடித்து, வெயிலிலும் மழையிலும், சுற்றிலும் குரோட்டன்ஸ் நட்டு நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கோலத்துக்கு உங்கள் ஷெட்டே மேல். கொடுப்பதாக இருந்தால் கூரை, பராமரிக்கிற ஆள், ரோலரோடு சேர்த்து வைப்பது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பெரியப்பா காலத்தில் அந்த இஞ்சினுக்கு நெருப்புப் போட்டவர் யாராவது உங்கள் ஹட்டியிலோ (ஊரிலோ) பக்கத்திலோ உயிரோடு இருந்தால், இதையெல்லாம் செய்யும் முன் போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் உட்காருங்கள். எத்தனை மணிக்கு நெருப்பு, என்ன விறகு, எந்த இடத்தில் எண்ணெய், எது அடிக்கடி மக்கர் பண்ணும், எல்லாம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இஞ்சின் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும்.

கேள்வி: ஆவி, நெருப்பு எல்லாம் எதற்கு? ஒரு மின்மோட்டாரை மறைவாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் போதாதா?
– வியாபாரி, குன்னூர் பெட்போர்டு

பதில்: பல இடத்தில் அப்படித்தான் சுற்றுகிறார்கள், தப்பென்று சொல்ல மாட்டேன், நின்று போவதற்கு அது தேவலை. ஆனால் பிஸ்டன் சக்கரத்தைத் தள்ள வேண்டியது, சக்கரம் பிஸ்டனை இழுக்கும். சூடு இல்லை, எண்ணெய் வாசனை இல்லை, தேய்மானமும் தப்பான இடத்தில் வரும். இங்கிலாந்தின் போல்டனில் நார்தர்ன் மில் என்ஜின் சொசைட்டி என்று ஒன்று 1966லிருந்து இருக்கிறது, இடிக்கப்போகிற மில்களிலிருந்து இஞ்சின்களைக் கழற்றிக் கொண்டுவந்து சேர்த்த ஆர்வலர்கள். பழைய நிலக்கரி பாய்லரைத் தூக்கிச் சுமக்காமல் நவீன பாய்லரிலிருந்து ஆவி கொடுத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். நடுவழி வேண்டுமென்றால் அது நல்ல வழி. உங்கள் கடையில் பழைய கடிகாரத்துக்குள் பேட்டரி மெஷின் மாட்டி வைத்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்தக் கேள்வி எனக்கு ஆச்சரியமில்லை.

கேள்வி: மில் என்றால் பன்னிரண்டு மணி நேர வேலை, குழந்தைத் தொழிலாளி, துப்பாக்கிச் சூடு. தோட்டம் என்றால் லயம் என்கிற வரிசை வீடு, ஆளை மேய்க்கிற கங்காணி. முதலாளியின் இஞ்சினுக்குப் பூப்போட்டுக் கும்பிடச் சொல்கிறீர்களா ஐயா?
– தோட்டத் தொழிலாளியின் மகன், கூடலூர்

பதில்: கும்பிடச் சொல்லவில்லை. கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் காயலான் கடைக்குப் போனால் முதலாளியின் குற்றத்துக்குச் சாட்சியும் சேர்ந்தே போகிறது.

மான்செஸ்டர் பக்கம் குவாரி பேங்க் மில் என்று ஒன்று, 1784ல் சாமுவேல் கிரெக் கட்டியது. நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அங்கே சக்கரத்தையும் இஞ்சினையும் மட்டும் காட்டுவதில்லை, அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகளை எந்த வீட்டில் படுக்க வைத்தார்கள், என்ன சாப்பாடு போட்டார்கள், அதையும் காட்டுகிறார்கள். தறிச் சத்தத்தில் காது போய் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்ட பெண்களைப் பற்றிச் சொல்கிறார்கள். தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகிற ஓடத்தின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுக்கிற பழக்கம் லங்காஷயரில் 1950கள் வரைக்கும் இருந்தது, ஒரே ஓடத்தில் பல பேர் வாய், அதனால் நோய் பரவியது. அந்த ஓடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் இது உறைக்கும்.

காந்தியை நினைத்துப் பாருங்கள். அந்நியத் துணி புறக்கணிப்பால் லங்காஷயரில் வேலை போனது என்று பேச்சு இருந்த நேரத்தில், 1931 செப்டம்பரில், டார்வென் ஊருக்கே போய் அந்த மில் தொழிலாளர்களோடு பேசினார். அவர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டு வரவேற்றார்கள். அவர் கோபப்பட்டது அந்த ஆட்கள் மேல் இல்லை.

நம் பக்கம் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது அதற்குப் பிறகுதான். அங்கே ஏ.எஃப்.டி. மில்லை 2020ல் மூடினார்கள். சென்னையில் பி அண்ட் சி மில் 1996லேயே மூடியாயிற்று, 1921ல் அவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் நடந்த இடம். மத்திய அரசின் என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. இங்கெல்லாம் எதை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று முடிவெடுக்கும்போது, இஞ்சின் ரூமோடு ஷிப்ட் கணக்குப் புத்தகத்தையும், சங்கு ஊதிய கம்பத்தையும், யூனியன் ஆபீஸையும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டியது நீங்களும் நானும்தான். கூடலூரில் தோட்ட மியூசியம் என்று யாராவது ஆரம்பித்தால், இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு லயத்து அறையை அதே அளவில் வைக்கச் சொல்லுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் தகரப்பெட்டியையும் வைக்கச் சொல்லுங்கள். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இன்னும் எத்தனையோ வீட்டில் அந்தப் பெட்டி இருக்கும்.

கேள்வி: உதகை ஃபிலிம் ஃபேக்டரியை இதே மாதிரி காப்பாற்றியிருக்க முடியாதா?
– முன்னாள் ஊழியர், உதகை

பதில்: இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960ல் தொடங்கியது, இந்து என்ற பெயரில் வந்த ஃபிலிமும் எக்ஸ்ரேயும் நாடு முழுக்கப் போனது. முழு ஃபேக்டரியை ஓட்டிக் காட்ட முடியாது சார், ரசாயனமும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் ஒரு மியூசியத்தின் கைக்கு அடங்காது. ஒரு பூச்சு மெஷின், ஒரு வெட்டு மெஷின், அதற்குரிய இருட்டறை, இவ்வளவை வைத்திருக்கலாம். வெளிச்சமே இல்லாத அறையில் கை தடவியே வேலை பார்த்தவர்கள் நீங்கள், அந்த அறையில் ஊருக்கு வருகிற டூரிஸ்டைப் பத்து நிமிடம் நிறுத்தினால் பொட்டானிக்கல் கார்டனை மறந்துவிடுவான். கட்டடம் உங்கள் கையில் இல்லை. உங்களோடு வேலை பார்த்தவர்களின் பெயரும் போன் நம்பரும் உங்களிடம் இருக்கும், ஒவ்வொருவரும் எந்த செக்ஷன், என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இந்தப் பத்திரிகைக்கு ஒரு பிரதி அனுப்பினால் தொடராகவே போடலாம்.

கேள்வி: சார், ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறேன். மலை ரயில் இஞ்சின் என்றால் உயிர். இந்த மாதிரி பழைய இஞ்சின் வேலைக்கு எதிர்காலம் உண்டா? வீட்டில் ஏசி மெக்கானிக் படி என்கிறார்கள்.
– மாணவர், குன்னூர்

பதில்: மியூசியம் இஞ்சினை நம்பி இந்த ஊரில் ஒரு குடும்பம் நடத்த முடியாது, அதை இப்போதே தெரிந்துகொள் தம்பி. ஆனால் ஆவி இன்னும் சாகவில்லை. திருப்பூர், ஈரோடு பக்கம் சாய ஆலைகளில் பாய்லர் ராத்திரி பகலாக எரிகிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அரிசி ஆலையில் இருக்கிறது. பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் என்று ஒரு பரீட்சை உண்டு, முதலில் இரண்டாம் வகுப்பு, அனுபவம் சேர்ந்த பிறகு முதல் வகுப்பு. அந்தச் சான்றிதழ் இல்லாதவரைச் சட்டப்படி பாய்லர் முன்னால் நிறுத்த முடியாது, அதனால் வேலை இருக்கும்.

ரயில்வே ஆசை இருந்தால் பொன்மலைப் பணிமனையில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதே. ஃபிட்டர் டிரேடுக்கு அங்கே இடம் உண்டு. மார்க் முக்கியம், அதைப் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். ஏசி படித்தாலும் பாதகமில்லை, அதிலும் கம்ப்ரஸரும் கண்டென்சரும்தான். மேலே கோத்தகிரிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீஸ் பூசவும் சீட்டுக் கட்டவும் ஓர் ஆள் தேவைப்படும். உன் கடிதத்தை அவருக்கு அனுப்பலாமா என்று ஒரு வரி எழுது.